சோபா முளைத்த காடு

எங்கள் தங்கச்சி ஒன்பதாம் தரத்தில் படிக்கிறாள். பத்தாம் தரத்துக்குப் போகுமுன் மூன்று தொகுதிகளிலிருந்தும் ஒவ்வொரு பாடத்தைத் தெரிவு செய்து படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் தொகுதிக்கு நேரே அவள் பென்சிலால் சித்திரம் என்று எழுதினாள். வாப்பா அதை அழித்துவிட்டு ஆங்கில இலக்கியம் என்று எழுதினார். மறுநாள் காலையில் மறுபடியும் சித்திரம் என்று இருந்தது. அழித்து அழித்து அந்த இடத்தில் கடதாசி தேய்ந்து ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டது.

வாப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் இந்தச் சஞ்சிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். அவருடைய வாதம் நியாயமில்லாததும் அல்ல. "படம் கீறுறது மனசுக்கு ஆறுதல்தான் மகள், இல்லையெண்டு நான் சொல்லல்ல. ஆனா ஆறுதலுக்கு ஒரு பாடம் எடுக்கணுமா? லீவு நாள்ல கீறலாந்தானே" என்பார். தங்கச்சியின் படங்கள் அவருக்கு விளங்குவதுமில்லை. அவள் ஜாடியில் பூ வரைவதில்லை. மாமரம் ஒன்றை வரைந்து, காய்களுக்குப் பதிலாகத் தொடர்மாடி வீடுகளைத் தொங்க விடுகிறாள். கடலுக்கடியில் பஸ் நிற்கிறது, அதன் யன்னல்களால் பாசி வெளியே வருகிறது. "என்னா இது, மரத்துல வீடு காய்ச்சீக்கி?" என்று கேட்டுவிட்டு வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இயற்கையைக் கனவு போலத் தீட்டும் இவ்வகை ஓவியங்களைப் பற்றி யார் பேசினாலும் ஒரே சொல்தான் வருகிறது. தப்பித்தல். நகரத்தின் நெரிசலும் பரபரப்பும் தாங்க முடியாமல் மனிதன் ஒரு கற்பனைக் காட்டுக்குள் ஓடிப் போகிறானாம். இவ்வோவியங்களை விரும்புகிறவர்கள் இதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறார்கள், விரும்பாதவர்கள் ஏளனமாகச் சொல்கிறார்கள். இரு சாராரும் ஒன்றைத்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே பிழை என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த ஓர் ஓவியரின் கதைக்குள் போக வேண்டும்.

ஹென்றி ரூசோ 1844இல் பிரான்சின் லவால் என்னும் ஊரில் பிறந்தவர். (வரலாற்றுப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சியோடு வரும் ரூசோ வேறு ஆள். அவர் இவருக்கு நூறு வருடத்துக்கும் மேல் மூத்தவர். நான் முதலில் இருவரையும் ஒன்றாக நினைத்து அசடு வழிந்திருக்கிறேன்.) எங்கள் ரூசோ பாரிஸ் நகருக்குள் வரும் பொருட்களுக்கு வரி அறவிடும் அலுவலகத்தில் கீழ்நிலை உத்தியோகத்தர். நகரத்தின் வாயில்களில் நின்று வண்டிகளைச் சோதிப்பது வேலை. ஓவியப் பள்ளி எதிலும் படித்தவரல்லர். வேலை போக மிஞ்சிய நேரத்தில் தானாகவே கற்றுக்கொண்டார். 1893இல், 49 வயதில், சிறிய ஓய்வூதியத்தோடு வேலையை விட்டார். செலவுக்குப் போதாமல் பிள்ளைகளுக்குச் சித்திரமும் வயலினும் சொல்லிக் கொடுத்தார். சுங்கக்காரர் என்பது அவருக்கு வாய்த்த பட்டப்பெயர். உண்மையில் சுங்க அதிகாரி என்ற பதவிக்கு அவர் ஒருநாளும் உயர்ந்ததில்லை. பட்டப்பெயர்கூட ஒரு படி கூட்டித்தான் கிடைத்திருக்கிறது.

இந்த மனிதர்தான் புலி, சிங்கம், குரங்கு, பாம்பு, ஆளுயர இலைகள் என்று காடு காடாக வரைந்தார். அவர் இளமையில் படையோடு மெக்சிகோவுக்குப் போய் அங்கே காடுகளைப் பார்த்தவர் என்று ஒரு கதை உலவியது. அவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் பிரான்சை விட்டு வெளியே போனதேயில்லை. அவருடைய காடு பாரிஸ் நகருக்குள்ளேயே இருந்தது. ஜார்டான் டி பிளான்ட் என்ற தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில் வெப்பநாட்டுச் செடிகளை வளர்த்து வைத்திருந்தார்கள். அதே வளவில் மிருகக் காட்சிசாலையும், பாடம் செய்த மிருகங்கள் வைக்கப்பட்ட நூதனசாலையும் இருந்தன. ரூசோ அங்கே போய்ப் பார்த்தார், வீட்டுக்கு வந்து வரைந்தார். மிருகங்களுக்குப் படப்புத்தகங்களையும் பார்த்துக்கொண்டார்.

அவருடைய முதற் காட்டோவியம் 1891இல் வந்தது. இப்போது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. நாலடிக்கு மேல் உயரம், ஐந்தடிக்கு மேல் அகலம். புயல் அடிக்கிறது. மழை சாய்வாக, மெல்லிய வெள்ளிக் கம்பிகளாகப் படம் முழுவதையும் கீறிக்கொண்டு இறங்குகிறது. வானத்தில் மின்னல் கீற்று. புற்களும் மரங்களும் ஒரு பக்கமாக வளைகின்றன. அவற்றுக்குள்ளே ஒரு புலி பதுங்கி நிற்கிறது. கண்கள் வட்டமாக விரிந்திருக்கின்றன, பற்கள் தெரிகின்றன. அந்தப் புலி எதன் மேலோ பாயப் போகிறதா, அல்லது இடி முழக்கத்துக்குப் பயந்து நடுங்குகிறதா என்று பார்க்கிறவர்களால் தீர்மானிக்க முடிவதில்லை. ரூசோ அதற்கு வைத்த பெயரும் உதவி செய்யாது. திடுக்கிட்டது என்று பொருள்படும் ஒரே சொல். யார் திடுக்கிட்டது?

எனக்கு அந்தப் புலியைத் தெரியும்.

போன வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். நாங்கள் இருப்பது கொம்பனித்தெருவில், தொடர்மாடி ஒன்றின் ஏழாம் மாடியில். பாடசாலை விட்டதும் வெள்ளவத்தைக்கு வகுப்பு, அங்கிருந்து இன்னொரு வகுப்பு, சனி ஞாயிறில் மூன்று. இரவு எட்டரைக்குக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பேன். வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வராது. நெஞ்சு படபடக்கும். கண்ணை மூடினால் வினாத்தாள் தெரியும். எதற்குப் பயப்படுகிறேன் என்று உம்மா கேட்டால் சொல்லத் தெரியாது. அடித்து யாரும் விரட்டவில்லை. பசியுமில்லை. ஆனால் உடம்பு முழுவதும் ஏதோ பாயப் போவது போல விறைத்துக்கொண்டு நிற்கும். இதை வாசிக்கும் தோழிகளில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பரீட்சை முடிந்த பிறகுதான் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அதற்கு முன் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தாள்.

அப்படியொரு நாளில்தான் நூலகத்தில் அந்தப் புலியைப் பார்த்தேன். பாயவும் முடியாமல் ஓடவும் முடியாமல், மழைக்குள் கண்ணை விரித்துக்கொண்டு. என்னுடைய முகத்தை வேறொருவர் நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பே வரைந்து வைத்திருப்பது போல இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், ஆறுதல் என்பது சரியான சொல் இல்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இன்ன காய்ச்சல் என்று பெயர் தெரிந்தால் எப்படியிருக்கும், அப்படி.

ரூசோவின் காடு அமைதியான காடு அல்ல. 1905இல் அவர் காட்டிய பெரிய ஓவியத்தில் சிங்கம் ஒன்று மானின் கழுத்தைக் கவ்வியிருக்கிறது, பக்கத்தில் சிறுத்தை தன் முறைக்குக் காத்திருக்கிறது. தப்பிப் போக நினைக்கிறவன் இப்படியொரு இடத்தையா தெரிவு செய்வான்? நிம்மதி வேண்டுமென்றால் ஓடையும் பசுமாடும் வரைந்திருக்கலாமே. அவர் நகரத்துப் பயத்தை விட்டுவிட்டு ஓடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய், இலைகளுக்கு நடுவே, பார்க்கக் கூடிய ஓரிடத்தில் வைத்தார்.

அந்த இலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரூசோ தூரத்து மரங்களைப் பச்சைப் புகையாகப் பூசிவிட்டுப் போவதில்லை. ஒவ்வோர் இலைக்கும் விளிம்பு உண்டு, நடுநரம்பு உண்டு, பக்கத்து இலையிலிருந்து வேறுபட்ட ஒரு பச்சை உண்டு. ஓர் இலை முடிந்த பிறகுதான் அடுத்தது. நான் ஒருநாள் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் வாழையிலை ஒன்றை அப்படி வரைந்து பார்த்தேன். நாற்பது நிமிடம் போனது. அந்த நாற்பது நிமிடமும் நெஞ்சு படபடக்கவில்லை என்பது முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. காரணம் எனக்குத் தோன்றுவது இதுதான். பதற்றம் என்பதே கண்ணுக்கு முன்னால் இல்லாத பல விடயங்களை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பது. இலை வரைகிறவளால் ஓர் இலையை மட்டும்தான் பார்க்க முடியும். ஆகவே இது ஓய்வுமல்ல. கடினமான வேலை. வகுப்பில் இரண்டு மணித்தியாலம் குறிப்பெழுதும்போது இவ்வளவு கவனமாக நான் இருந்ததில்லை.

இந்த இடத்தில் கைத்தொலைபேசிப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளிரும் காளான்கள், பறக்கும் திமிங்கிலங்கள், நீல மரங்கள் என்று கணினி செய்து தரும் காடுகள் இப்போது விரல் தட்டும் நேரத்தில் நூறு வருகின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றிலும் கண் நிற்பதில்லை, அடுத்ததற்குப் போகச் சொல்கிறது. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு எழுந்தால் முன்பைவிடத் தலை கனக்கிறது. அதைத் தப்பித்தல் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன்.

ரூசோவுக்கு வருவோம். சிரித்தார்கள். பாரிஸில் நடுவர் குழு இல்லாத, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் படம் வைக்கக் கூடிய ஒரு வருடாந்தக் கண்காட்சி இருந்தது. அவர் அங்கே 1886 முதல் வைத்து வந்தார். கூட்டம் அவருடைய படங்களுக்கு முன்னால் வந்து சிரித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. புலியை வெலோட்டன் என்ற இளம் ஓவியர் போன்ற சிலர் மெச்சினார்கள்தான். ஆயினும் அதற்குப் பிறகு பத்து வருடங்களுக்கு மேல் ரூசோ காட்டை வரையவில்லை. பெற்றோர்கள் இந்தப் பத்து வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நாற்பதுகளில் இருந்த ஆண், உத்தியோகம் பார்த்தவர், அவருக்கே அப்படியென்றால் பதினான்கு வயதுப் பிள்ளையின் படத்தைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு காலத்துக்கு நீடிக்கும்?

அவர் இரண்டு மனைவியரையும் பிள்ளைகளில் பெரும்பாலானோரையும் பறிகொடுத்தவர். கடைசி வருடங்களில்தான் காடு மறுபடி வந்தது, இம்முறை பெருவெள்ளமாக. 1910இல் கனவு என்ற ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். ஏறக்குறைய பத்தடி அகலம். நிலா வெளிச்சம், தாமரைகள், யானை, சிங்கங்கள், குழல் ஊதும் ஒருவன், இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு வீட்டுச் சோபா. காட்டுக்குள்ளே சோபா எப்படி வந்தது என்று அப்போதும் கேட்டார்கள். சோபாவில் படுத்திருக்கும் பெண் தன் வீட்டில் நித்திரை செய்கிறாள், காடு அவளுடைய கனவு, அதனால் சோபாவும் கனவுக்குள் வந்துவிட்டது என்று அவர் விளக்கம் சொன்னார். அதே வருடம் செப்டெம்பரில் இறந்து போனார். பதினான்கு வருடம் கழித்து, 1924இல், சர்ரியலிசம் என்ற மீயதார்த்தக் கலை இயக்கம் பாரிஸில் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அந்த இயக்கத்தினர் ரூசோவைத் தங்கள் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடினார்கள்.

எனக்கு அந்தச் சோபா மிக முக்கியமாகப் படுகிறது. காட்டுக்குப் போகிறவள் வீட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. தங்கச்சியின் மாமரத்தில் தொடர்மாடி காய்த்திருப்பதும் அதனால்தான். எங்கள் யன்னலில் நின்றால் பாரந்தூக்கிகளும், வளர்ந்துகொண்டிருக்கும் கட்டடங்களும், இரண்டு சுவர்களுக்கு நடுவே பேரை வாவியின் ஒரு துண்டும் தெரியும். அவள் பார்ப்பதைத்தான் அவள் வரைகிறாள்.

ஆனால் என் கருத்துக்கு எதிராக நானே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாரிஸின் அந்தக் கண்ணாடிக் கூடங்களுக்குள் செடிகள் தாமாக நடந்து வரவில்லை. ஆண்ட நாடுகளிலிருந்து கொண்டு வரப்பட்டவை. எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே கியூ வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. 1810களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொம்பனித்தெருவில் ஒரு தாவரவியல் தோட்டம் போட்டு, லண்டன் தோட்டத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தத் தோட்டம் பிறகு களுத்துறைக்குப் போய், 1821இல் பேராதனைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கே மிஞ்சிவிட்டது. அவர்களுக்கு அதிசயமாக இருந்த இலை எங்கள் மூதாதையருக்குச் சோறு மடிக்கும் இலை. காட்டைக் கனவாகக் காண்பதற்குக் காட்டிலிருந்து தூரமாக இருக்க வேண்டும்.

எங்கள் மாமா அம்பாறை மாவட்டத்தில் வேளாண்மை செய்கிறார். அறுவடைக் காலத்தில் இரவு முழுக்க யானை வெடியோடு விழித்திருப்பார். அவருடைய மகளிடம் ரூசோவின் யானையைக் காட்டினேன். "இது வெளிக்கு வாற யானை இல்ல" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை, இப்போதும் முழுதாக வரவில்லை.

பாதிப் பதிலாக லக்கி சேனாநாயக்கவை நினைத்துக்கொள்கிறேன். நம் நாட்டு ஓவியர், சிற்பி. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவோடு வேலை செய்தவர். அவர் கொழும்பை விட்டு உண்மையாகவே போனார். தம்புள்ளைக்கு அருகே தியபுபுல என்ற இடத்தில் மரங்களுக்கும் நீருக்கும் நடுவே வாழ்ந்து 2021இல் மறைந்தார். கந்தளமை ஹோட்டலின் மாடிப்படிக்கு மேல் சிறகு விரித்துத் தொங்கும் பிரமாண்டமான ஆந்தை அவர் செய்தது. ஆனால் அவருடைய படங்களை நம் பெற்றோரெல்லாம் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். 1979இல் மத்திய வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களை வரைந்தவர் அவர்தான். தலைவர்களின் முகம் இல்லை. பறவை, வண்ணத்துப்பூச்சி, மீன், பூ. பின்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். உம்மம்மா பழைய இரண்டு ரூபாத்தாள் ஒன்றை இன்னும் தஸ்பீஹ் பெட்டிக்குள் வைத்திருக்கிறா. "இதுல மீனெல்லாம் ஈக்கிது, சாமான் வாங்க மனம் வரல்ல" என்பா. ஆந்தையை அவர் தினமும் பார்த்து வரைந்தார், ஆனாலும் அந்த ஆந்தை எந்தக் காட்டிலும் இல்லாத ஆந்தைதான். தூரத்தில் இருந்தால் மட்டுமே கனவு வரும் என்பது முழு உண்மையல்ல.

சில பெற்றோருக்கு வேறொரு தயக்கம் இருக்கும். உருவம் வரைவது பற்றிய மார்க்கச் சட்டங்களைப் பேசும் தகுதி எனக்கில்லை, அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். மரமும் இலையும் நீரும் வரையும் மரபு நம்மிடம் எவ்வளவு பழையது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசல் 1300 வருடங்களுக்கு முன் கட்டப்பட்டது. அதன் சுவர்களில் சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஆறும் பெருமரங்களும் மாளிகைகளும் செய்திருக்கிறார்கள். ஒரு மனிதனும் இல்லை, ஒரு மிருகமும் இல்லை. கதவுகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. நகரமா சுவர்க்கமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பொன்னிறப் பின்னணியில் அந்த ஆளில்லா ஊரைப் படத்தில் பார்த்தபோது தங்கச்சி, "தாத்தா, இது நான் கீறின மாதிரியே ஈக்கிது" என்றாள். தன்னடக்கம் அவளுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது கடைகளில் மன அழுத்தம் குறைக்கும் வர்ணப் புத்தகங்கள் விற்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார்கள். இலைகளுக்குக் கோடு போட்டு வைத்திருக்கும், நாம் உள்ளே நிறம் தீட்ட வேண்டும். எனக்கு அதில் கோபம்தான் வந்தது. பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது என்றால் வகுப்புகளில் ஒன்றைக் குறைக்க வேண்டும். ஐந்து வகுப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தாங்குவதற்கு ஆறாவதாக ஓவியத்தைக் கொடுப்பது மருந்தல்ல, சுமை ஏற்றிய மாட்டுக்குச் சலங்கை கட்டுவது. ஓவியத்தைத் தப்பித்தல் என்று நாம் சொல்லும்வரை அது அப்படித்தான் பயன்படும். பாடம் என்று சொன்னால் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டி வரும், மேசையில் இடம் கொடுக்க வேண்டி வரும், நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றும் சொல்ல வேண்டி வரும். தங்கச்சி கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். அவளுடைய வகுப்பொன்றில் ஓர் ஆசிரியர் கொப்பியின் ஓரத்தில் இருந்த படத்தைச் சிவப்புப் பேனாவால் குறுக்காக வெட்டிவிட்டு, இது வேண்டாத வேலை என்று எழுதி அனுப்பினார். அவள் அழவில்லை. சிவப்புக் கோட்டைச் சுற்றி இலைகளை வரைந்து அதை ஒரு கொடியாக்கிவிட்டாள்.

வாப்பாவிடம் இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "ஆங்கில இலக்கியத்துலயும் மரம் செடியெல்லாம் வரும்தானே" என்றார். பிறகு மாமரப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். ஏழாவது மாடியில் யன்னலோரமாக ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் கண்டிருக்கிறார். "இது நானா?" என்று கேட்டார். தங்கச்சி சமையலறையிலிருந்து, "ஓம் வாப்பா, ஆனா இன்னும் முடியல்ல, கை சரியா வரல்ல" என்றாள்.

படிவத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அந்த இடம் இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது.